பெங்களூரு – தூத்துக்குடி விமானம்: தூரம் 471-ஆ, 499-ஆ, 524-ஆ? நேரம் 1:07-ஆ, 1:35-ஆ?

சிங்கசந்திரா வாசி

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு வான்வழி தூரம் எவ்வளவு என்று தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்று சொல்கிறது. ஒன்றில் 499, ஒன்றில் 496, இன்னொன்றில் 471, வேறொன்றில் வெறும் 310. சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து எக்செல்லில் போட்டேன். 524 வருகிறது. நான் கொடுத்த எண்கள்: பெங்களூரு 13.11, 77.42. தூத்துக்குடி 8.43, 78.01.

நேரமும் அப்படித்தான். ஒரு தளம் 1 மணி 7 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் 1 மணி 35 நிமிடம். டிராக்கிங் செயலியில் பழைய பயணங்களைப் பார்த்தால் 1:12, 1:15 என்று இருக்கிறது. எதை நம்புவது?

கேட்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பெங்களூரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் சிங்கசந்திராவிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போவதா, விமானமா என்று கணக்குப் போட வேண்டும். இரண்டு, அப்பா அம்மா தூத்துக்குடியிலிருந்து பெங்களூரு வந்து, இங்கிருந்தே டெல்லிக்கு வேறொரு விமானம் பிடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட், நடுவில் 2 மணி நேர இடைவெளி. போதுமா?

நீளக்கோடு

முதலில் உங்கள் 524. அது பாகை-கலை (டிகிரி-மினிட்) குழப்பம். பெங்களூரின் அட்சரேகை 13 பாகை 11 கலை 56 விகலை. அதை 13.11 என்று அடித்திருக்கிறீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஆகவே 13 + 11/60 + 56/3600 = 13.1989. இதேபோல மற்றவை:

பெங்களூரு தீர்க்கரேகை 77° 42′ 20″ = 77.7056
தூத்துக்குடி அட்சரேகை 8° 43′ 27″ = 8.7242
தூத்துக்குடி தீர்க்கரேகை 78° 01′ 33″ = 78.0258

8.43-க்கும் 8.7242-க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே 32 கிலோமீட்டர் சொச்சம். பெங்களூரு பக்கத்தில் சுமார் 10 கிலோமீட்டர் எதிர்த்திசையில் ஈடுகட்டிவிட்டது. இல்லையென்றால் இன்னும் தள்ளிப்போயிருக்கும். 524 பார்க்க நம்பும்படி இருப்பதுதான் இதில் ஆபத்து. இன்னொரு வழக்கமான தப்பு, எக்செல்லில் சைன், கோசைனுக்குப் பாகையை நேரடியாகக் கொடுப்பது. ரேடியனாக மாற்றாவிட்டால் ஆயிரக்கணக்கில் ஏதோ ஒன்று வரும். அதையாவது பார்த்ததும் பிடித்துவிடலாம்.

சரியான எண்களோடு கையிலேயே போடலாம், உருண்டைமேல் தூரம் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரம் கூடத் தேவையில்லை. அட்சரேகை வித்தியாசம் 4.4747 பாகை. தீர்க்கரேகை வித்தியாசம் 0.3202 பாகை, அதை நடு அட்சரேகையின் (10.96°) கோசைனால், அதாவது 0.9818-ஆல் பெருக்கினால் 0.3144. பூமியைச் சீரான உருண்டை என்று வைத்து ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் போட்டால் வடக்கு-தெற்கில் 497.6, கிழக்கு-மேற்கில் 35. பிதாகரஸ் போட்டால் 498.8. உங்கள் '499' இதுதான்.

அந்த '496'-உம் தப்பில்லை. பூமி துருவங்களில் தட்டையானது. நிலநடுக்கோட்டுப் பக்கம் அட்சரேகையின் ஒரு பாகை 111.2 இல்லை, சுமார் 110.6 கிலோமீட்டர்தான். அந்தக் கணக்கில் 496 வரும். வழி கிட்டத்தட்ட நேர் தெற்கு என்பதால் வித்தியாசம் முழுசாகத் தெரிகிறது. உருண்டை வைத்துக் கணக்கிடும் தளம் 499 சொல்லும், நீள்வட்டம் வைத்துக் கணக்கிடுவது 496 சொல்லும்.

471 என்பது ஊர் மையத்திலிருந்து ஊர் மையம். பெங்களூரு நகர மையம் 12.97, விமான நிலையமோ 13.20. தெற்கே போக வேண்டியவர் முதலில் சாலையில் வடக்கே 35 கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் விமானம் ஏற வேண்டும் என்பது அந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது. 310 என்பது மைல், சாலையில் சொல்லும் சாதாரண மைல். வேறெங்காவது 268 அல்லது 269 என்று பார்த்தால் பயப்படாதீர்கள், அது கடல் மைல் (1 கடல் மைல் = 1.852 கிலோமீட்டர்). விமானிகளின் கணக்கெல்லாம் அதில்தான்.

ஏப்ரான் பார்வை

தூரத்தை மேலே நண்பர் அலசிவிட்டார், நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1:07 எப்படி வந்தது என்பது எளிது. அந்தத் தளங்கள் எல்லா விமானத்தையும் ஜெட் என்று எடுத்துக்கொண்டு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் வைத்து, ஏற இறங்க ஒரு அரை மணி கூட்டிவிடும். 499-ஐ 800-ஆல் வகுத்தால் 37 நிமிடம், கூட 30. இந்த வழியில் ஏ.டி.ஆர். 72 ஓடினால் அந்தக் கணக்கே பொருந்தாது. ஏ.டி.ஆர். டர்போபிராப், அதாவது காற்றாடி இன்ஜின். அதிகபட்ச பறப்பு வேகமே 275 நாட் (1 நாட் = மணிக்கு 1 கடல் மைல்) பக்கம், மணிக்கு 510 கிலோமீட்டர்.

டிக்கெட்டில் இருக்கும் 1:35 'பிளாக் டைம்'. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரும் நொடியிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. செயலியில் பார்க்கும் 1:12, 1:15 என்பது தரையை விட்டு எழும்பியதிலிருந்து தரை தொடும் வரை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது டாக்ஸி நேரமும் (விமானம் தரையில் ஊர்ந்து போகும் நேரம்) தாமதத்துக்கென்று கூட்டி வைத்த கொஞ்சம் உபரி நேரமும்.

தோராயமாகப் பிரித்துக் காட்டுகிறேன். பெங்களூரில் ஓடுபாதை இரண்டும் கிழக்கு-மேற்கு, தூத்துக்குடியில் 10/28 (100, 280 பாகைத் திசை), அதுவும் ஏறத்தாழ கிழக்கு-மேற்கு. பயணமோ வடக்கு-தெற்கு. ஆகவே எழும்பியதும் ஒரு திருப்பம், இறங்கும் முன் ஒரு திருப்பம். நேர்க்கோடு 268 கடல் மைல் என்றால் உண்மையில் பறப்பது 285 பக்கம் வரும், அதாவது 528 கிலோமீட்டர்.

பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 17,000 அடிக்கு ஏற, நிமிடத்துக்கு சராசரி 1,000 அடி வீதம் 14 நிமிடம், அதற்குள் 49 கடல் மைல் போயிருக்கும். இறக்கத்துக்கு விமானிகளின் கைக்கணக்கு: ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல். 17-க்கு 51, வேகம் குறைக்கக் கொஞ்சம் சேர்த்து 54. அது 14 நிமிடம். மிச்சம் 182 கடல் மைலை 265 நாட்டில் கடக்க 41 நிமிடம். கடைசியில் ஓடுபாதைக்கு நேராக வந்து நிதானமாக இறங்க 5 நிமிடம். மொத்தம் 74. செயலியில் நீங்கள் பார்த்ததோடு ஒட்டுகிறதா?

இதோடு பெங்களூரில் டாக்ஸி 15 நிமிடம், தூத்துக்குடியில் 4 நிமிடம். 93 ஆச்சு. அதை 1:35 என்று அச்சடிக்கிறார்கள். பெங்களூரில் வரிசை நீண்டால் 15 நிமிடம் 25 ஆகும், தூத்துக்குடியில் அந்தப் பேச்சே இல்லை.

இதே பெங்களூரிலிருந்து டெல்லி 1,710 கிலோமீட்டர், ஏர்பஸ் ஏ320-இல் பிளாக் டைம் 2:50 சுமாருக்கு. தூரம் மூன்றரை மடங்கு, நேரம் இரண்டு மடங்குகூட இல்லை. குறைந்த தூரப் பயணத்தில் டாக்ஸி, ஏற்றம், இறக்கம் என்ற நிலையான செலவே பாதியைத் தின்றுவிடும். அதனால்தான் குறுந்தூரத்துக்குக் கிலோமீட்டரை வைத்து நேரம் கணிக்கக் கூடாது என்பது என் கட்சி.

வாகைக்குளத்தில் முன்பு ஓடுபாதை 1,350 மீட்டர்தான், அதனால் ஏ.டி.ஆர். ரகத்தோடு நின்றது. இப்போது 3,115 மீட்டர், புது முனையத்தோடு 2025 ஜூலை 26 அன்று திறந்தார்கள். ஏர்பஸ் போட்டால் வானில் 50 நிமிடம், பிளாக் 1:10 பக்கம் வரும். ஆகவே புக் பண்ணும்போது விமான ரகம் என்ன என்று பாருங்கள். 'ஏ.டி.ஆர்.' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அல்சூர் ஏரிக்கரை

நல்ல விளக்கம். ஒண்ணு விட்டுட்டீங்க. தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற ஜூன்-செப்டம்பர்ல எதிர்க்காத்துல இந்த விமானம் 15 நிமிஷம் கூட எடுக்கும்.

ஏப்ரான் பார்வை

இல்லை சார், இந்த வழியில் அது நடக்காது. பெங்களூரிலிருந்து தூத்துக்குடி 176 பாகை திசை, கிட்டத்தட்ட நேர் தெற்கு. அந்த மாதங்களில் 17,000 அடியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து. அது எதிர்க்காற்று இல்லை, பக்கக்காற்று. மூக்கைக் கொஞ்சம் மேற்கே திருப்பிப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். 30 நாட் பக்கக்காற்று என்றால் 265 நாட் வேகம் தரையைப் பொறுத்து 263 ஆகும். 182 கடல் மைலுக்கு இழப்பு அரை நிமிடத்துக்கும் கீழே. மும்பை-கொல்கத்தா மாதிரி கிழக்கு-மேற்கு வழியில்தான் காற்று நேரத்தை மாற்றும்.

பருவமழையில் தாமதம் உண்மைதான், ஆனால் காரணம் வேறு. மேகத்திரளைச் சுற்றிப் போவது, பெங்களூரில் இறங்க வரிசையில் வட்டமடிப்பது. அதுவும் ஏப்ரல், மே மாலை இடிமழைதான் பெங்களூரில் அதிகத் தொல்லை. திரும்பி வரும் வழியில் இன்னொன்றும் உண்டு: ஜெட் விமானங்களுக்கு நடுவில் மெதுவான ஏ.டி.ஆர். வந்து நிற்கும்போது ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள்) அதை ஓரமாக ஒரு சுற்று விட்டு உள்ளே எடுப்பார்கள். ஐந்து பத்து நிமிடம் அங்கே போகும்.

காலை முதல் விமானம் என்றால் டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தையும் கணக்கில் வையுங்கள். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி மேட்டில் விடியலில் இருந்து எட்டு மணி வரை படியும். ஓடுபாதையில் பனியில் இறங்க உதவும் கருவி இருந்தால் மட்டும் போதாது. விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரை

சரிதான், ஒத்துக்கிறேன். மேற்குக் காத்துன்னதும் எதிர்க்காத்துன்னு நினைச்சுட்டேன்.

தாமிரபரணிக் கரை

அண்ணாச்சி, வானத்துல 74 நிமிசம், தரையில எவ்வளவுங்கறதுதான் உங்க சோலிக்கு முக்கியம். சிங்கசந்திராவுல இருந்து பாத்தா இப்படி வரும்.

வீட்டுல இருந்து விமான நிலையம் 50 கிலோமீட்டருக்கு மேல. சில்க் போர்டு, ஹெப்பாள் ரெண்டையும் தாண்டணும். விடிகாலை நாலு மணிக்கு ஒண்ணேகால் மணி நேரம், காலை எட்டுல இருந்து பத்துக்குள்ள கிளம்புனா ரெண்டரை மணி நேரம். எலெக்ட்ரானிக் சிட்டியில இருந்து வர்ற கே.ஐ.ஏ.-8 வாயு வஜ்ரா பஸ் அந்தப் பக்கமாத்தான் போகும், டாக்ஸியை விட ரொம்ப மலிவு, பெரிய பெட்டிக்கும் இடம் உண்டு. ஹெப்பாள் மேம்பாலம் அடைச்சுக் கிடந்தா ஒயிட்ஃபீல்டு, பூதிகெரெ வழியா கிழக்குப் பக்கமா விமான நிலையத்துக்குள்ள போற ரோடு இருக்கு. தூரம் கூட, ஆனா நேரம் நிச்சயம்.

உள்நாட்டுப் பயணத்துக்கு செக்-இன் கவுன்டர் பெரும்பாலும் 60 நிமிசத்துக்கு முன்னால மூடும். கேட் 25 நிமிசத்துக்கு முன்னால. ஏ.டி.ஆர்.-க்குப் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயித்தான் ஏத்துவாங்க, அதனால கேட்டுல கடைசி ஆளா நிக்காதீங்க. ஏறுறது பின்பக்கக் கதவு வழியா. மேல இருக்கிற பெட்டி வைக்கிற இடம் சின்னது. ஏர்பஸ்ல நுழையுற தள்ளுபெட்டி இதுல நுழையாது, படிக்கட்டுப் பக்கத்துலயே சீட்டு கட்டி வாங்கி அடியில போட்டுருவாங்க. லேப்டாப், மருந்து, நகை எல்லாம் தனி சின்னப் பையில இருக்கட்டும். திரும்பும்போது மக்ரூன் பாக்கெட்டும் அந்தச் சின்னப் பையிலதான், இல்லன்னா பொடியாத்தான் வீடு வந்து சேரும்.

இறங்கினதும் வாகைக்குளம் சின்ன இடம், பெட்டி கைக்கு வர 15-20 நிமிசம். விமான நிலையம் தூத்துக்குடி-திருநெல்வேலி நாலுவழிச்சாலை மேலயே இருக்கு. தூத்துக்குடி ஊருக்குள்ள போக அரை மணி, பாளையங்கோட்டைக்கு முக்கால் மணி. டவுன் பஸ்ஸை நம்பி இறங்க வேண்டாம், டாக்ஸியை முன்னாலயே சொல்லி வையுங்க.

கூட்டிப் பாருங்க: ரோடு 2 மணி, விமான நிலையத்துல ஒன்றரை, விமானம் 1:35, இறங்கி வெளிய வர 20 நிமிசம், ஊருக்குள்ள அரை மணி. ஆறு மணி நேரம். காருல ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியா 570 கிலோமீட்டர் பக்கம் வரும், சாப்பிட நின்னா பத்து மணி நேரம். நீங்க பெங்களூரோட தெக்கு ஓரத்துல இருக்கறதால காருக்குக் கொஞ்சம் சாதகம். நாலு பேரு குடும்பமா போனா காருதான் காசுக்குக் கட்டும், ஒத்த ஆளுன்னா விமானம். ராத்திரி தூங்கிட்டே போகணும்னா மைசூரு-தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இருக்கு, பெங்களூரு சிட்டியிலயே ஏறிக்கலாம்.

நவம்பர், டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை நேரத்துல முக்கியமான சோலிக்கு ஒரு நாள் முன்னாலயே போயிருங்க. 2023 டிசம்பர் 17, 18 மழையில காயல்பட்டினத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அப்ப விமானம் மட்டுமில்ல, ரயிலு ரோடு எல்லாமே நின்னு போச்சு.

நீளக்கோடு

அதோடு சேர்த்து: தூத்துக்குடியில் இறங்க முடியாவிட்டால் எங்கே போகும் என்பதையும் தெரிந்துகொள்ளலாம். மதுரை அங்கிருந்து நேர்க்கோட்டில் 123 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 124. கிட்டத்தட்ட சமம். மதுரையில் இறங்கி, அங்கேயே வெளியேற அனுமதித்தால் காத்திருப்பதை விட டாக்ஸி பிடிப்பது நல்லது. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் ஊருக்குள் போகாமலே தூத்துக்குடிச் சாலையைப் பிடித்துவிடலாம், இரண்டரை மணி நேரம். ஆனால் செக்-இன் செய்த பெட்டியை அங்கே இறக்கித் தருவார்களா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

பயணச்சீட்டு

அப்பா அம்மா டெல்லி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் இந்தக் கேள்வியில் சிக்கலான பகுதி. 2 மணி நேரம் போதாது.

கணக்கு இது. டெல்லி விமானத்தின் கவுன்டர் 60 நிமிடத்துக்கு முன் மூடும். ஆக 120-இல் 60 போய்விட்டது. மிச்ச 60-இல் ஏ.டி.ஆர்.-இலிருந்து இறங்கி பஸ்ஸில் முனையம் வர 10, பெட்டி வர 25. இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் முனையம் 1, ஏர் இந்தியா முனையம் 2. டெல்லி டிக்கெட் எதில் என்று பாருங்கள். முனையம் மாற வேண்டுமென்றால் ஷட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச்சேர 20. அப்புறம் வாசலில் அடையாள அட்டை சோதனை, கவுன்டர் வரிசை. மூட்டு வலியோடு மெதுவாக நடப்பவர்களுக்கு இதில் ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை. முதல் விமானம் 20 நிமிடம் தாமதித்தால் முடிந்தது. இதில் இன்னொன்று: 15 நிமிடம் வரை தாமதமாகப் போவதை விமானத் துறை 'சரியான நேரம்' என்றே எண்ணும்.

தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானம் தவறியதற்கு முதல் நிறுவனம் பொறுப்பில்லை. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் 'வராத பயணி'. புது டிக்கெட்தான். ஒரே பி.என்.ஆர்.-இல் போட்டால் பெட்டி டெல்லி வரை போய்விடும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் அவர்களுடையது. விலை ஐந்நூறோ ஆயிரமோ கூட வந்தாலும் அப்படிப் போடுங்கள். முடியாதென்றால் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேளுங்கள். ஏ.டி.ஆர்.-இல் சில படிகள் ஏற வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள்.

மேலே சொன்ன பிளாக் டைம் வெறும் தகவல் இல்லை, காசு விஷயமும் அதில் இருக்கிறது. விமானம் ரத்தானால் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிப்படி இழப்பீடு பிளாக் டைமை வைத்துத்தான்: 1 மணி வரை 5,000 ரூபாய், 1-லிருந்து 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. தூத்துக்குடி 7,500 வரிசையில் வரும், டெல்லி 10,000. இது டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பதற்கு மேல். முன்கூட்டியே சொல்லி மாற்று விமானம் கொடுத்துவிட்டால் கிடையாது. வானிலை, ஏ.டி.சி. மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றாலும் கிடையாது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று: டிக்கெட்டில் பயணியின் தொலைபேசி எண் இல்லாவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிடுவார், ரத்து செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பா எண்ணையோ உங்கள் எண்ணையோ போடச் சொல்லுங்கள்.

தாமதத்துக்கும் இதே மாதிரிதான். பிளாக் டைம் இரண்டரை மணிக்குள் இருக்கும் விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி கொடுக்க வேண்டும். டெல்லி விமானம் இரண்டரையைத் தாண்டிவிடுவதால் அதற்கு 3 மணி நேரம். தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

ஓமலூர் பக்கம்

இடையில புகுந்து கேட்கிறேன், மன்னிக்கணும். இதே கணக்கு பெங்களூரு-சேலத்துக்கு எப்படி? உடான் திட்டத்துல டிக்கெட் மலிவா கிடைக்கும்னு சொல்றாங்க. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து போகணும்.

ஏப்ரான் பார்வை

நேர்க்கோட்டில் 162 கிலோமீட்டர், 88 கடல் மைல். 17,000 அடிக்கு ஏறி நிமிர்வதற்குள் இறக்கத்தை ஆரம்பிக்க வேண்டிய தூரம், அதனால் தாழ்வாகத்தான் பறக்கும். வானில் 30-35 நிமிடம், பிளாக் 1 மணிக்குக் கிட்டே. வீட்டிலிருந்து 2 மணி, விமான நிலையத்தில் ஒன்றரை, விமானம் 1, விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சேலம் ஊருக்குள் முக்கால் மணி. ஐந்தேகால். காரில் மூன்றரை மணி நேரம். அந்தக் காரும் உங்கள் ஓமலூரைத் தாண்டித்தான் சேலம் போகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர் இதற்காக வடக்கே தேவனஹள்ளி வரை போவது மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலை. எலகங்கா, தேவனஹள்ளி பக்கம் வீடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

உடான் கட்டணம் பற்றி: 2016-இல் அறிவித்தபோது சுமார் 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு என்று வைத்தார்கள். தூரம் குறைந்தால் வரம்பும் குறையும். ஆனால் அது எல்லா இருக்கைக்கும் கிடையாது. ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்குத்தான், அதுவும் திட்டத்தில் இருக்கும் வழிக்கும் காலத்துக்கும் மட்டும். மிச்ச இருக்கை சந்தை விலை.

சிங்கசந்திரா வாசி

எல்லாருக்கும் நன்றி. எக்செல்லில் பாகையைத் திருத்திப் போட்டேன், 498.8 வந்துவிட்டது. அப்பா அம்மாவுக்கு ஒரே பி.என்.ஆர்.-இல் மாற்றுகிறேன், நான் மட்டும் போகும்போது விமானம்.

கடைசியாக ஒன்று, போகும்போது எந்தப் பக்கம் ஜன்னல் எடுக்கட்டும்? ஏ.டி.ஆர்.-இல் இறக்கை மறைக்குமா?

நீளக்கோடு

ஏ.டி.ஆர்.-இல் இறக்கை தலைக்கு மேலே, அதனால் கீழே பார்க்க மறைப்பு கிடையாது. முன்பாதியில் காற்றாடியும் இன்ஜினும் கண்ணில் நிற்கும், இரைச்சலும் அங்கேதான் அதிகம். பின்பாதியில் எடுங்கள். பின்கதவு என்பதால் இறங்குவதும் சீக்கிரம்.

தெற்கே போகும்போது வலது பக்கம் மேற்கு. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க அந்தப் பக்கம்தான். இரண்டு விமான நிலையத்தையும் நேர்க்கோட்டில் இணைத்தால் கோடு மேட்டூர் அணை மேலேயே விழுகிறது. பிறகு ஈரோட்டுக்குச் சற்றுக் கிழக்கே, திண்டுக்கல்லுக்குச் சற்று மேற்கே போய் விருதுநகரைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. விமானம் கோட்டை விட்டுப் பத்திருபது கிலோமீட்டர் விலகிப் போகலாம், ஆனாலும் 17,000 அடியிலிருந்து மேட்டூர் நீர்ப்பரப்பு தப்பாது. விமானம் எழும்பி இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். கொடைக்கானல் மலை திண்டுக்கல்லைத் தாண்டும்போது வலப்பக்கம்.

தாமிரபரணிக் கரை

காலை விமானம்னா வலது பக்கம் வெயிலும் அடிக்காது. சாயங்கால விமானம்னா கண்ணு கூசும் அண்ணாச்சி, பாத்துக்கோங்க.